நான் பிரித்த எட்டு எலிகள்

பதினான்கு வருடமாக ஆராய்ச்சிக்கூடத்து எலிகளோடு குப்பை கொட்டுகிறேன். எலிக்குப் பயந்தவள் இல்லை நான். கடித்தால்கூட, "போடி, உன் புத்தி அவ்வளவுதான்" என்று சொல்லி மருந்து தடவிக்கொண்டு அடுத்த கூண்டைத் திறந்துவிடுவேன். நான் பயப்படுவது ஒரே ஒரு பிராணிக்கு. அது இரண்டு காலில் நடக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும், மாடி அறையில் உட்கார்ந்திருக்கும். எங்கள் பேராசிரியரைத்தான் சொல்கிறேன்.

அவருக்கு நான் வைத்த பெயர் குக்கர். தொண்டையைச் செருமினால் முதல் விசில். "யார் செஞ்சது இது?" என்றால் இரண்டாவது. மூன்றாவது விசில் வந்துவிட்டால், அந்த அறையிலிருந்து ஒருவராவது அழாமல் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஒரு புட்டியில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். ஒரு மணி நேரத்தில் வேலை போயிற்று. மனுஷன் போன வேகத்தில் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்கவில்லை. நான்தான் அதைக் கழுவி வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து முதல் விசில் கேட்ட உடனே நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவோம். நான் எலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

என் வேலை வருடாவருடம் கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற வேலை. அந்தக் கையெழுத்து குக்கருடையது. என் வீட்டுக்காரர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கிறார். மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. எனக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் கொக்கு வந்தாள். ஆராய்ச்சி மாணவி. நெட்டையாக, ஒல்லியாக, ஒற்றைக் காலில் நின்று யோசிப்பாள். பெயர் தானாக அமைந்துவிட்டது. என்னை வாய் நிறைய அக்கா என்பாள். மற்றவர்கள் எலியைக் காகிதத்தில் மட்டும் பார்ப்பார்கள், இவள் காலை ஏழு மணிக்கே வந்து என்னோடு தண்ணீர் புட்டி மாற்றுவாள்.

அவள் ஆராய்ச்சியை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "ரெண்டு ரகம் எலிக்கா. ஒண்ணு சாதா ரகம். இன்னொண்ணு பிரஷர் ரகம், பெருசானா ரத்த அழுத்தம் தானா ஏறிடும். ஆனா குட்டியா இருக்கறப்ப ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு என்ன தெரியணும்னா, பிரஷர் ஏறுறதுக்கு முன்னாடியே அதுங்க குணம் வேறயா இருக்கா? சின்னச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுதா? ஆபத்து வருதுன்னா சீக்கிரம் தப்பிக்கக் கத்துக்குதா?"

"உங்க சாரைப் பாத்தா பெரிய எலிக்கும் தூக்கிவாரிப் போடும்மா" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு ஒரு பெட்டி. நடுவில் சின்ன வாசல் வைத்த இரண்டு அறை. ஒரு மணி ஒலிக்கும். ஐந்து வினாடிக்குள் எலி அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் தரைக்கம்பியில் லேசாகக் கரண்டு வரும். முதல் நாள் கொக்கு தன் உள்ளங்கையைக் கம்பியில் வைத்துப் பார்த்தாள். "எனக்குத் தெரியாம அதுங்களுக்கு எப்படிக் குடுக்கறது?" என்றாள். நானும் வைத்தேன். சுருக்கென்றது, அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது தடவை வைக்கச் சொன்னபோது என் கை போகவில்லை.

குட்டிகள் மொத்தம் பதினாறு, கூண்டுக்கு நாலு. ஒன்றும் மூன்றும் பிரஷர் ரகம், இரண்டும் நாலும் சாதா ரகம். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே எடை. வாலில் பேனா மையால் ஒன்று முதல் நாலு வரை வளையம் போட்டிருப்போம். எந்த ரகம் என்பது கூண்டின் சீட்டில் மட்டும்தான் இருக்கும். மை ஒரு வாரத்தில் மங்கிவிடும். அதனால் கூண்டு கழுவுகிற அன்று பழைய மையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூண்டு, ஒரு தொட்டி. இது சட்டம். இதை எத்தனையோ பேருக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பெட்டியில் பயிற்சி தொடங்குவதற்கு நாலு நாள் முன்பு, பத்து மணிக்கு வெளியாட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். அவசரம். மூன்றாம் கூண்டையும் நாலாம் கூண்டையும் ஒரே தொட்டியில் விட்டேன். நடுவில் ஒரு தகரத் தகட்டைச் செருகினேன். பத்து நிமிஷ வேலைதானே, என்ன ஆகிவிடப் போகிறது? எட்டு வாலையும் துடைத்தேன். பேனா மூடியைத் திறந்தேன்.

வாசலுக்கு வெளியே குக்கர் கத்தினார். செருமல் இல்லை, கேள்வி இல்லை, எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது விசில். காவலாளியைத் திட்டுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் இருந்த இடத்திலேயே துள்ளினேன். முழங்கை தகட்டில் இடித்தது. தகடு சாய்ந்தது.

மைதாவில் அரிசி மாவு கலந்த கதைதான். எட்டு வெள்ளைக் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மோந்து, உருண்டு, ஒரு மூலையில் ஒரே குவியலாய்ப் படுத்துக்கொண்டன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடி கழுவிய பெரியவரின் சாப்பாட்டு டப்பாதான் கண் முன்னால் நின்றது.

பிறகு என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். பிரஷர் ரகம்தான் சத்தத்துக்குத் துள்ளலாம் என்று கொக்கு சொன்னாளே? சாவிக்கொத்தை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் ஓங்கி அடித்தேன். மூன்று குட்டிகள் மற்றவற்றின் தலைக்கு மேல் எகிறின. அவற்றை மூன்றாம் கூண்டில் போட்டேன். நாலாவதாக எதை எடுப்பது? மறுபடி அடித்தேன். இரண்டு துள்ளின. எது கொஞ்சம் அதிகம் என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இங்க்கி பிங்க்கி பாங்க்கி போட்டு ஒன்றை எடுத்தேன். மிச்ச நாலையும் சாதாக் கூண்டில் விட்டேன். வளையம் போட்டேன். கழுவிய பதிவேட்டில் "எல்லாம் சரி" என்று கையெழுத்தும் போட்டேன். வெளியாட்கள் வந்தபோது அறை பளபளவென்று இருந்தது. குக்கர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பயிற்சி ஆரம்பித்தது. ஒன்றாம் கூண்டு, இரண்டாம் கூண்டு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரஷர் குட்டிகள் கொஞ்சம் முந்தின, அவ்வளவுதான். ஆனால் என் மூன்றாம் கூண்டு இருக்கிறதே! மூன்றே நாளில் மணி அடித்த மறு வினாடி நாலும் வாசலைத் தாண்டிப் பறந்தன. நாலாம் கூண்டுக் குட்டிகளோ மணி ஒலித்தால் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும், சுருக்கென்றதும்தான் நகரும்.

"அக்கா! இங்க பாருங்க, கோடு போட்ட மாதிரி பிரிஞ்சிருக்கு!" கொக்கு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தக் கோட்டைப் போட்டவளே நான்தான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் சரியாகவே பிரித்திருக்கலாம் இல்லையா? பதினான்கு வருட அனுபவம் சும்மாவா? பன்னிரண்டு வாரத்தில் குட்டிகள் வளர்ந்ததும் வாலில் பட்டை கட்டிப் பிரஷர் பார்ப்பார்கள். அன்றைக்கு உண்மை தெரிந்துவிடும். அதை நினைத்தாலே சோறு இறங்காது. வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, எலி மாதிரி கொறிக்கற?" எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார், பாவம்.

அந்த நாளும் வந்தது. எலியைச் சூடான அறையில் சற்று வைத்து, குழாய்க்குள் நுழைத்து, வாலில் பட்டையை மாட்டுவது என் வேலை. எண்ணைப் படித்து எழுதுவது கொக்கு. முதல் இரண்டு கூண்டும் புத்தகத்தில் போட்டபடியே வந்தன. மூன்றாம் கூண்டில் ஒன்றாம் வளையம்: நூற்று எண்பத்து நாலு. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாம் வளையம்: நூற்றுப் பத்தொன்பது.

"பட்டை சரியா மாட்டலையாக்கா?"

மறுபடி மாட்டினேன். நூற்றுப் பத்தொன்பதுதான். நாலில் இரண்டு தப்பு. நாலாம் கூண்டிலும் இரண்டு நூற்று எண்பதைத் தொட்டன. நாலுக்கு இரண்டு! கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்கும். இதற்குத்தான் பதினான்கு வருட அனுபவம்.

குக்கருக்குச் செய்தி போனது. மாடியிலிருந்து இறங்கி வந்தார். எண்களைப் பார்த்தார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். மூன்று விசிலையும் எதிர்பார்த்து என் காதே அடைத்துப் போயிற்று.

அவர் சிரித்தார்.

"என்ன தெரியுதா உனக்கு? பிரஷர் ரகத்துல ரெண்டு, தப்பிக்க நல்லாக் கத்துக்கிச்சு. அதுக்குப் பிரஷர் ஏறல! சாதா ரகத்துல ரெண்டு கத்துக்கவே இல்ல. அதுக்கு ஏறிடுச்சு! கத்துக்கறதுதான் காப்பாத்துது! இது யாரும் சொல்லாத விஷயம்மா!"

"சாதா ரகத்துக்கு இவ்வளவு ஏறுமா சார்?" என்று கொக்கு மெல்லக் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் குரங்கைப் பிடித்து வைக்க, அதைப் பிள்ளையார் என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். விஞ்ஞானிகள் கூடுகிற பெரிய கூட்டம் ஒன்றில் கொக்கு இதைப் பேச வேண்டும் என்றார் குக்கர். புதிதாக அறுபது குட்டிக்கு எழுதிப் போட்டார். என்னை மாடிக்குக் கூப்பிட்டு, "உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப் போறேன். இவ்வளவு சுத்தமா எலி வளர்க்கற ஆள் கிடைக்காது" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு வாரம் கழித்து, நான் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கொக்கு நோட்டோடு வந்தாள்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணு, நாலு ரெண்டு கூண்டுல மட்டும்தான் இப்படி வந்திருக்கு. ஒண்ணு, ரெண்டுல இல்ல. தீனி மாத்தினீங்களா? இடம் மாத்தினீங்களா? வெளிச்சம், சத்தம், ஏதாவது?"

"ஒண்ணும் இல்லையேம்மா."

"நீங்க இல்லைன்னா இல்லதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு, "எனக்கு ராத்திரியெல்லாம் பயமா இருக்குக்கா" என்றாள். "வேற ஊர்ல யாராவது இதையே செஞ்சு பாப்பாங்க. அவங்களுக்கு வரலைன்னா, இவ கதை கட்டினாள்னு சொல்லிடுவாங்க. அப்புறம் என்னை எவனும் சீண்ட மாட்டான். எங்க வீட்டுல நான் ஒருத்திதான் இவ்வளவு தூரம் படிச்சவ."

அவள் போன பிறகும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. என் வயிற்றுக்காக இந்தப் பெண்ணின் பெயரைக் கெடுக்கிறேனே, நான் ஒரு மனுஷியா? இப்படிக் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பயம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை, அவள் குனிந்து மரத்தூள் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில், அவள் முதுகைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தகடு, தொட்டி, சாவிக்கொத்து, இங்க்கி பிங்க்கி, ஒன்று விடாமல்.

அவள் மூட்டையை விட்டுவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"துள்ளினதை எடுத்துப் பிரஷர் கூண்டுல போட்டீங்க."

"ஆமாம்மா."

"நான் அதுங்க துள்ளுமான்னு பாக்கத்தானேக்கா ரெண்டு வருஷமா இங்க கிடக்கேன்? விடையை வச்சே கேள்வியைப் பிரிச்சிட்டீங்களே!"

திட்டுவாள் என்று நின்றேன். அவள் அழுதாள். மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். எழுந்தாள். "நீங்க வாயத் திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி மாடிக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அறைக்குள் போய்விட்டாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியில் நின்றேன்.

அவள் குரல் கேட்டது. பிறகு செருமல்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான் சார். அவசரத்துல ரெண்டு கூண்டையும் ஒரே தொட்டியில நான்தான் போட்டேன்."

மூன்றாவது விசில் வந்தது. பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. ஆராய்ச்சியா செய்யற, கண்ணாமூச்சியா ஆடற, மூட்டையைக் கட்டு, இனி எந்த ஊரிலும் உனக்குப் படிப்பு கிடையாது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த அறைகளில் நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் நழுவுகிறார்கள்.

என் காலும் நழுவியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் முடிவு செய்யவே இல்லை. நினைவு வந்தபோது மூன்று படி இறங்கியிருந்தேன். கீழே எலி அறையின் கதவு தெரிந்தது. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் போதும். அவளேதான் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டாளே. வேலை நிரந்தரமாகிவிடும். மேலே ஒரு பெண் பதில் பேசாமல் நின்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி ஏறினேன். அந்த மூன்று படியும் முப்பது படியாக இருந்தன. கதவைத் தள்ளினேன்.

"நான்தான் சார்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கத்திக்கொண்டே இருந்தார்.

"சார்! நான்தான்! அந்தப் பொண்ணுக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்! கலந்ததும் நான், பிரிச்சதும் நான், எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டதும் நான்!"

நின்றது. அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

படி ஏறும்போது பத்துப் பொய் தயாராக இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்களுக்குப் பயந்துதான் சார்" என்றேன்.

அடுத்த விசிலுக்கு வாயைத் திறந்தார். வரவில்லை. கொக்கைப் பார்த்தார். "அப்ப நீ எதுக்கு நான்தான்னு சொன்ன?"

"அக்காவுக்கு வேலை போயிடும் சார்." அவள் தரையைப் பார்த்தாள். "கண்ணாடி கழுவறவருக்குப் போன மாதிரி."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மேசை மேல் அந்தப் பெரிய கூட்டத்துக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்த தாள்கள் இருந்தன. முதல் தாளைப் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார். பிறகு சுவர் அலமாரியைப் பார்த்தார். இத்தனை வருடத்து ஆராய்ச்சி நோட்டுகள் அதில் வரிசையாக நின்றன. அவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒன்று வந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்த ஒன்றுதான், இத்தனை மாதமாக அதோடுதானே குடும்பம் நடத்தினேன். அவருக்குப் பயமாக இருந்தது.

"இந்த மாதிரி..." என்றார். குரல் காற்றாக வந்தது. "எனக்கு யாரும் சொல்லாதது இன்னும் எத்தனை இருக்கு?"

எனக்குத் தெரிந்து மட்டும் மூன்று இருந்தன. முதலாவதைச் சொல்ல ஆரம்பித்தேன்.